துருக் கம்பியத் தேச்ச பாவம்

ஓடாதுன்னா சொல்றீங்க? சாணி வாயுலருந்து ஹைட்ரஜன் பிரிச்சி, அதுல கரண்டு எடுத்து, எங்க தேயிலத் தோட்டத்துல மருந்து குடுக்குற காம்பராவுல ஆக்சிஜன் மிசின் ஓடுனத ரெண்டு வருசமாப் பாத்தவ நான். அந்தக் கரண்டுப் பெட்டிக்குக் காவலும் நாந்தான். அடுப்பு எந்த வெறகப் போட்டாலும் எரியும். இந்தப் பெட்டிக்கு வாயு சுத்தமா வரணும். மழ பேஞ்சா கரண்டு போற லயத்து வீடுகள்ல இருக்குற நீங்களாச்சும் நம்புங்க.

நாத்தப் பீப்பா

பெட்டி வச்சிக் குடுத்த சிங்கள எஞ்சினியர் மாத்தயா, வாயு வர்ற வழியில ஒரு பீப்பா வச்சாரு. உள்ள பூரா துருப்புடிச்ச இரும்புச் சுருள். சாணி வாயுவுல இருக்குற கந்தகத்த அந்தத் துருதான் புடிச்சி வச்சிக்குமாம். தப்பி வந்தா பெட்டிக்கு வெசமாம். பாதி சிங்களத்துல சொன்னாரு. அன்னிக்கு எனக்குப் புரியல; அதச் சொல்ல வெக்கப்பட்டு தலைய ஆட்டிட்டேன். கடைசியா சொன்னது மட்டும் நல்லா வெளங்குச்சு: "சுத்தமா வச்சிக்கங்க அம்மே, அது போதும்."

பொங்கல் சுத்தம்

அப்ப தை பொறக்கப் போகுது, லயம் பூரா வெள்ளையடிக்கிறாங்க. நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல தேய்க்காம விட்ட ஒரு கரிச்சட்டிக்காக எம் மாமியா மூனு நாள் எங்கூடப் பேசல. சரி, அந்தக் கத கெடக்கட்டும். பீப்பாவத் தொறந்தா ஒரே துரு. சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சி, சந்தனப் பொட்டும் வச்சேன். பக்கத்துக் காம்பரா அந்தோணியம்மா எட்டிப் பாத்து வாயப் பொளந்தா: "ஆத்தாடி, இதுல மொகம் பாத்து தல சீவலாம் மதினி!"

அரை மணி

அவ புருசன் சவரிமுத்து அண்ணன். பக்டரித் தேயிலத் தூசி தின்ன நெஞ்சு. மருந்துக் காம்பராவுலதான் படுத்திருந்தாரு; அங்க ஆக்சிஜன் மிசின் நின்னா மூச்சு நிக்கும். பொங்கல் முடிஞ்சி பத்து நாள்ல, பட்டப்பகல்ல, மரம் சாஞ்சி கரண்டு போச்சி. பெட்டியப் போட்டோம். நாள் பூரா ஓடுற பெட்டி, அரை மணியில அடங்கிருச்சி. தேயிலக் கொழுந்து ஏத்துற லொறியில அண்ணனத் தூக்கிப் போட்டுக்கிட்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். வழி பூரா அவரு ஒதடு நீலம்.

மறுநாள் மாத்தயா வந்து பீப்பாவத் தொறந்தாரு. மின்னுற சுருள் ஒன்னத் தூக்கிப் பாத்தாரு. அப்பறம் கேட்டாரு: "அம்மே, துரு எங்க?"

வார்டு

உசுரு தப்பிருச்சி. ஆனா கெட்டுப்போன பெட்டிக்குப் பதிலாப் புதுப் பெட்டி இன்னும் வரல. அது வராம அண்ணனத் தோட்டத்துக்கு அனுப்ப மாட்டாராம் டொக்டர். அந்தோணியம்மா என்னையப் பாத்தா கதவச் சாத்திக்கிறா. நான் போயி கட்டில் பக்கத்துல நின்னு அழுதேன். அவரு மூக்குக் குழாயோட சிரிச்சாரு: "கம்பி... நல்லா மின்னுச்சா... தங்கச்சி?"

காலம் பூரா துருவத் தேச்ச கை, இப்ப தண்ணி தெளிச்சித் துரு வளக்குது.

அடி மருமகளே, புஷ்பம்! மழ வருது, துரு கழுவிட்டுப் போயிரும், வாசல்ல காயுற இரும்புச் சுருள உள்ள எடுத்து வையி. தேச்சிப்புடாத!