மோரும் பால்தான்

என் இரண்டு மாதப் பேரனின் மலத்தில் ரத்தம் வந்தது. பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகப் போனாலும் அவனுக்கு ஒவ்வாது, அதனால் என் மகள் பாலைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். மூன்று வாரமாகியும் ரத்தம் நிற்கவில்லை. மாடிவீட்டு அம்மாவின் கண்தான் என்று தினமும் மிளகாய் சுற்றிப் போட்டேன்.

மறுபடி டாக்டரிடம் போனோம். “குழந்தையோட அம்மா என்ன சாப்பிடறாங்க?” என்றார்.

“நான் கேழ்வரகுக் கூழ் தரேன் சார், மோர் ஊத்தி.”

மகள் அலறினாள். “கூழோட புளிப்புன்னுல்ல நெனச்சேன்! பால் ஒரு சொட்டு இல்லன்னீங்களேப்பா!”

“மோர்தானேம்மா.”

“மோர் என்ன மரத்துலயா காய்க்குது?”

வேதியியல் எம்.எஸ்சி. படித்தவன் நான்.

மோரை நிறுத்தியதும் பேரன் தேறினான். மன்னிப்புக் கேட்க மாடிக்குப் போனேன். அந்த அம்மா உட்காரவைத்து மோர் கொடுத்தார்.