மீந்துபோன பதினைந்து பச்சை ரிப்பன்கள்

1. முதல் கூட்டம்

நாமக்கல்லில் நான் நடத்திய முதல் கூட்டத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள். நாற்காலி அறுபது போட்டிருந்தேன். பத்தொன்பது காலி. வடை எண்பது சொல்லியிருந்தேன், ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கள் அலுவலகத்தில் கூட்டத்தின் வெற்றியை வடையை வைத்துத்தான் அளப்பார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சிறுதொழில்களுக்கு வழிகாட்டும் ஓர் அலுவலகத்தில், சேலத்தில், நான் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கே என்னோடு இருந்தவர்களில் மூன்று பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. அங்கே புதிதாக ஒரு மெஷின் செய்ய வேண்டும் என்ற யோசனையோடு சிலர் திரிந்தார்கள். லாரியிலும் கோழிப்பண்ணையிலும் சம்பாதித்துவிட்டு அடுத்து எதில் போடலாம் என்று சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் வெல்டிங்கும் வயரிங்கும் கரைத்துக் குடித்தவர்கள் இருந்தார்கள். மூன்று வகையாரும் ஒரே டீக்கடையில் டீ குடித்தார்கள். தொழில் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மாதம் ஒருமுறை இவர்களை ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தால் தொழில் பிறக்கும் என்று எங்கள் அதிகாரிக்குத் தோன்றியது. தோன்றியது அவருக்கு. நாற்காலி எண்ணும் வேலை எனக்கு.

ரிப்பன் யோசனை மட்டும் என்னுடையது. உள்ளே வருபவர் தன் வகைக்கு ஏற்ற ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். யோசனை உள்ளவருக்குச் சிவப்பு. தொழில் தெரிந்தவருக்கு மஞ்சள். முதல் போடக்கூடியவருக்குப் பச்சை. சிவப்பு இருபது, மஞ்சள் இருபத்தைந்து, பச்சை பதினைந்து என்று என் கையாலேயே வெட்டினேன். முதல் போடக்கூடியவர்களின் பட்டியல் என்னிடம் இருந்தது. பதினான்கு பேர். ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று வெட்டினேன்.

பதினான்கு பேரும் வந்தார்கள். சிவப்பில் பதினெட்டும் மஞ்சளில் இருபத்து மூன்றும் போயின. பச்சை பதினைந்தும் தட்டிலேயே கிடந்தன.

ஐந்து லாரி வைத்திருந்த சின்னுசாமி மஞ்சள் குத்திக்கொண்டு வெல்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். எட்டாயிரம் கோழி வைத்திருந்த நல்லமுத்துவின் சட்டையில் சிவப்பு. நான் அவரருகே போய், "உங்களுடைய யோசனை என்னங்க?" என்று கேட்டேன்.

"ஊட்டுக்குப் போலாம்னு ஒரு யோசனை இருக்குதுங்க சார். பேச்சு எப்ப முடியும்?"

பேச்சு ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒன்றுபட்டால் முன்னேறலாம் என்பதை சிறப்பு விருந்தினர் பதினொரு முறை சொன்னார்.

வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நல்லமுத்துவே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், நீங்க ஆத்தூர்ப் பக்கமுங்களா?"

"ஆமாம். எப்படித் தெரியும்?"

"பச்சை ரிப்பன் வெட்டிட்டு வந்தீங்களே, அதுலயே தெரிஞ்சுபோச்சுங்க. முன் வரிசையில இருந்தது பூராவும் எங்க பங்காளிங்க. அந்தச் சின்னுசாமி எனக்குச் சித்தப்பன் மகன். நான் பச்சையக் குத்திக்கிட்டு நின்னேன்னு வைங்க, பொழுது சாயறதுக்குள்ள நாலு பேரு கைமாத்துக் கேட்டு வந்துருவானுங்க. இல்லீன்னா நான் எதுல போடறேன்னு பாத்து அதே தொழில எனக்கு எதுத்தாப்புலயே ஆரம்பிப்பானுங்க."

"அப்புறம் இந்த ஊரில் எப்படித்தான் புதுத் தொழில் நடக்கிறது?"

"நடக்குதுங்க. சத்தமில்லாம, தனித்தனியா நடக்குது. நீங்க மைக் வச்சுக் கூப்படறீங்க."

அன்றைய அறிக்கையில் 'கூட்டம் சிறப்பாக நடைபெற்றது' என்று எழுதினேன். ரிப்பன்களைப் பற்றி எழுதவில்லை. மீந்த பதினைந்தையும் என் ரெக்சின் பையில் போட்டுக்கொண்டேன். அரசாங்கப் பொருள்.

2. சூரமங்கலத்து அலமாரி

இரண்டாவது கூட்டத்துக்கு இருபத்தெட்டுப் பேர்தான். ஆனால் அதில்தான் தங்கவேல் எழுந்து நின்றார்.

தங்கவேலுக்குச் சேலத்துச் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை. வயது முப்பத்து மூன்று. அவர் நான்கு நிமிடம் பேசினார். இரண்டு கூட்டங்களையும் சேர்த்து ஒரு மெஷினைப் பற்றி யாராவது பேசியது அந்த நான்கு நிமிடம்தான். குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் ஒன்று செய்திருந்தார். பழைய மர அலமாரி, அறுபது வாட் பல்பு எட்டு, காற்றைச் சுழற்ற ஒரு ஃபேன், சூடு நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள அவரே செய்த தெர்மோஸ்டாட். முட்டைத் தட்டுகளைச் சாய்த்துத் திருப்புவதற்கு லாரியின் வைப்பர் மோட்டார். அப்போது பண்ணைக்காரர்கள் குஞ்சுகளை வெளியூரிலிருந்து அட்டைப் பெட்டியில் வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். வரும் வழியிலேயே பாதி சோர்ந்துவிடும்.

தங்கவேல் உட்கார்ந்தார். நல்லமுத்து மேலே ஃபேனைப் பார்த்தார். சின்னுசாமி தன் செருப்பைப் பார்த்தார்.

எங்கள் அதிகாரிக்கு அலமாரி பிடித்துவிட்டது. "அடுத்த கூட்டத்துல சிறப்பு விருந்தினர் முன்னால குஞ்சு பொரியணும். இருபத்தொரு நாள்னு சொல்றீங்களே, கூட்டத்தேதியிலிருந்து பின்னாடி எண்ணி முட்டைய வைங்க" என்றார். எண்ணும் வேலை என்பதால் என்னிடம் வந்தது. ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடந்தது. அதன் ஸ்டோர் ரூமில் அலமாரியை இறக்கினோம். தங்கவேலும் பாயோடு அங்கேயே குடிவந்தார்.

முட்டை வைத்த அன்று நான் எண்ணிப் பார்த்தேன். முந்நூற்று இருபது. மேல் தட்டில் நூற்றறுபது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெருக்கல் குறி. கீழ்த் தட்டில் நூற்றறுபது, ஒவ்வொன்றிலும் வட்டம்.

"யாருடைய முட்டை?" என்றேன்.

"ரெண்டு பேரு தனித்தனியா கடைக்கு வந்து குடுத்தாங்க சார். பேரு வெளிய வரக்கூடாதுன்னு ரெண்டு பேருமே சத்தியம் வாங்கிட்டாங்க. தட்டுக்கு நூறு குஞ்சாவது பொரிஞ்சா மேல பேசலாம், இல்லன்னா இந்தப் பக்கம் வராதேன்னும் சொல்லிட்டாங்க."

"பொரியாவிட்டால்?"

"பம்பாய்ல ஒரு மில்லுல மச்சான் வயர்மேன் வேலை பாத்து வச்சிருக்காரு. கூட்டம் சனிக்கிழமை. திங்கட்கிழமை வண்டிக்கு டிக்கெட் எடுத்தாச்சு. அலமாரியில புடவை அடுக்கிக்கலாம்னு வீட்ல இப்பவே சொல்றாங்க." சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் முட்டைகளை விளக்கொளியில் பார்த்து, கரு பிடிக்காத நாற்பத்தொன்றை எடுத்துவிட்டார். மீதி இருநூற்று எழுபத்தொன்பது.

3. இருபத்தோராம் நாள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டோர் ரூமில் ஓடு கொத்தும் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு ஏழு குஞ்சுகள் வெளியே வந்திருந்தன. தங்கவேல் என்னை எண்ண விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பத்து நாற்பதுக்கு ஆடிக்காற்று ஓங்கி அடித்தது. மண்டபத்துத் தகரம் படபடத்தது. கரண்ட் போயிற்று. சைக்கிளில் போய் விசாரித்து வந்தவர், திருச்செங்கோடு ரோட்டில் கம்பமே சாய்ந்துவிட்டது, மதியத்துக்கு முன்னால் வராது என்றார்.

தெர்மாமீட்டர் நூறில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் தொண்ணூற்றெட்டு.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றேன்.

"மரம் பழசு சார், சந்து சந்தாக் காத்து போகுது. அரைமணி நேரம் தாங்கினா பெருசு. ஈரத்தோட வர்ற குஞ்சு குளுந்துட்டா எந்திரிக்காது." அவர் சட்டையைக் கழற்றிக் கதவுச் சந்தில் அடைத்தார். அதற்கு முன் டிக்கெட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

நான் மண்டபத்துக்கு ஓடினேன். சிறப்பு விருந்தினருக்கு மாலை விழுந்துகொண்டிருந்தது. அதிகாரியின் காதில் விஷயத்தைச் சொன்னேன். "வரவேற்புரை முடியட்டும். மைக் இல்லாட்டியும் சத்தமாப் படிச்சுடலாம்" என்றார். வரவேற்புரை நான்கு பக்கம் அச்சடித்திருந்தது. படித்து முடிக்கப் பதினெட்டு நிமிடம் ஆகும் என்பது எனக்குத் தெரியும், எழுதியவன் நான்.

முப்பத்தொரு வருட சர்வீஸில் வரிசையை மீறி நான் பேசியது அன்று மட்டும்தான். "லாரி வயரிங் தெரிந்தவர்கள் ஸ்டோர் ரூமுக்கு வாருங்கள். முட்டை குளிர்கிறது" என்றேன்.

பாடி பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்த குப்புராஜ் முதலில் எழுந்தார். அவருக்குப் பின்னால் பதினாறு பேர். அலமாரியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"இதுக்கு எதுக்குங்க கரண்டு? ஹெட்லைட் பல்பு நாலு உள்ள தொங்கவிட்டா ஆச்சு. பேட்டரிதான் வேணும். வாசல்ல யாரு லாரி?"

எல்லோரும் சின்னுசாமியைப் பார்த்தார்கள். அவர் ஸ்பேனர் இரவல் கொடுத்தே யாரும் பார்த்ததில்லை. கேட்பதற்கு எல்லோரும் தயங்க, அவரே ஜன்னல் வழியாக டிரைவரைக் கூப்பிட்டார். "ஏப்பா, வண்டிய ரிவர்ஸ்ல சுவரோரமா கொண்டாந்து போடு. இஞ்சின நிறுத்தாத, பேட்டரி எறங்கிரும். டூல் பாக்ஸ்ல ஸ்பேர் பல்பு ரெண்டு இருக்கும், அதையும் எடு."

"என்ன தம்பி, இன்னிக்குத் தருமப் பிரபுவா ஆயிட்ட?" என்றார் நல்லமுத்து.

"பாவம், உசுருங்கண்ணா" என்றார் சின்னுசாமி, அலமாரியைப் பார்க்காமல்.

முதல் இரண்டு பல்பு தயாரானபோது தெர்மாமீட்டர் தொண்ணூற்று மூன்று. குப்புராஜ், "எங்க கட்டட்டும்?" என்றார்.

"மேல் தட்டுல கட்டு" என்றார் நல்லமுத்து.

அதே மூச்சில் சின்னுசாமி, "கீழ்த் தட்டுல கட்டு" என்றார்.

குப்புராஜ் பல்பைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேல் தட்டு மேல உங்களுக்கு என்னங்கண்ணா அவ்வளவு அக்கறை?"

"கீழ்த் தட்டு மேல உனக்கு என்றா அக்கறை?"

தங்கவேல் தரையைப் பார்த்தார். நான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். வந்திருந்த பதினேழு பேருக்கும் விளங்கிவிட்டது. யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார்.

"அட, நீயும் குடுத்திருக்கிறயா!" என்றார் நல்லமுத்து. "கோழி நாத்தமே ஆகாதுன்னு ஊரெல்லாம் சொன்னயே?"

"நீங்க இனி ஒரு கோழிகூட சேர்க்கறதில்லைன்னு அம்மன் கோயில்ல வச்சுச் சொன்னீங்களே?"

"தொண்ணூற்றிரண்டரை" என்றேன் நான்.

"கீழதாங்க கட்டணும்" என்றார் தங்கவேல். அன்று முழுவதும் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். "சூடு மேல ஏறும். ரெண்டு தட்டுக்கும் போகும். சண்டைய அப்புறம் வச்சுக்கங்க."

அதன்பிறகு யாரும் சண்டை போடவில்லை. குஞ்சுகளின் காலில் சிக்காதபடி வயரை மேலே தூக்கிக் கட்ட வேண்டியிருந்தது. கயிறு இல்லை. என் பையில் பதினைந்து பச்சை ரிப்பன் இருந்தது. ஒருபுறம் நல்லமுத்து வயரைப் பிடிக்க, மறுபுறம் சின்னுசாமி முடிச்சுப் போட்டார். ஒன்பது செலவாயிற்று. ஃபேன் ஓடாததால் காற்றுக்கு விசிற வேண்டும் என்றார் தங்கவேல். நல்லமுத்து என் வரவேற்புரையை நான்காக மடித்து விசிறினார். அதற்கு வேறு பயன் அன்று கிடைக்கவில்லை.

பதினொன்று ஐந்துக்குத் தொண்ணூற்றொன்பது. பதினொன்றே காலுக்குச் சிறப்பு விருந்தினர் மாலையோடு காரில் ஏறினார். ஒன்று இருபத்தைந்துக்குக் கரண்ட் வந்தபோது, வெளியே வந்த குஞ்சு தொண்ணூற்று நான்கு. செத்தது இரண்டு. வடை எண்பதும் அப்படியே ஆறிக்கிடந்தன; அதைக் கவனிக்க ஆள் இல்லை.

மறுநாள் ஞாயிறு. சொந்த வேலையாக முதல் பஸ்ஸில் போய் எண்ணினேன். மேல் தட்டு நூற்றுப் பதினேழு, கீழ்த் தட்டு நூற்றுப் பதினான்கு. டிக்கெட்டைத் தங்கவேலிடம் திருப்பிக் கொடுத்தேன். கேன்சல் செய்ய அவர் சேலம் ஜங்ஷனுக்குப் போனபோது, இரண்டு பங்காளிகளும் மண்டபத்து வாசலில் அடுத்த அலமாரி யாருக்கு முதலில் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாததால் ஊரே கேட்கும்படி சத்தம். சாயங்காலத்துக்குள், இருவரும் சேர்ந்தே ஒரு ஷெட் போடுவது என்று முடிவாயிற்று. தனியாகப் போட்டால் மற்றவர் எதிரே இன்னொன்று போடுவார் என்பது இருவருக்கும் தெரியும். தங்கவேல் மூன்றாவது பங்கு. வயரிங்குக்குக் குப்புராஜ்.

அந்த ஷெட்டிலிருந்து வந்த இன்குபேட்டர் ஒவ்வொன்றிலும் இரண்டு கனெக்ஷன் இருந்தது. ஒன்று கரண்டுக்கு, ஒன்று லாரி பேட்டரிக்கு. வாங்க வந்தவர்கள் இரண்டாவதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்கள்.

4. அறிக்கை

திங்கட்கிழமை அதிகாரி அறிக்கை கேட்டார். நடந்ததை ஆறு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் படித்தார்.

"தலைமையுரை?"

"இல்லை சார்."

"நன்றியுரை?"

"இல்லை சார்."

"அப்ப கூட்டம் எங்க நடந்தது? ஒரு வரியில எழுதிக் குடுங்க."

'மின்தடை காரணமாகக் கூட்டம் நடைபெறவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

நாமக்கல்லில் மொத்தம் இருபத்து மூன்று கூட்டம் நடத்தினேன். இருபத்திரண்டு 'சிறப்பாக நடைபெற்றது'. அந்த இருபத்திரண்டில் ஒரு தொழிலும் பிறக்கவில்லை. நடைபெறாத ஒன்றில் பிறந்தது.

இப்போதும் சேலத்தில் இப்படிப்பட்ட கூட்டங்கள் நடக்கின்றன. போன வருடம் ஒன்றுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் பிள்ளைகள். ரிப்பனுக்குப் பதிலாகக் கழுத்தில் அட்டை தொங்குகிறது. யோசனை, முதல், தொழில்நுட்பம் என்று அட்டையிலும் மூன்று நிறம். முதல் போடுகிறவருக்கான அட்டைகள் வாசல் மேஜையில் பன்னிரண்டு மீந்திருந்தன. எண்ணிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அவர்களுக்கு நான் சொன்னது இதுதான். நீ யார் என்று வாசலில் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். அரைகுறையாக ஓடுகிற மெஷின் ஒன்றை நடுவில் வையுங்கள். அது நிற்கப்போகிற நேரத்தில் எவன் கை முதலில் நீளுகிறது என்று பாருங்கள். எந்தத் தட்டைப் பார்த்து நீளுகிறது என்றும் பாருங்கள்.

பேசி முடிக்க எனக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. மீதி ஆறு பச்சை ரிப்பனையும் அமைப்பாளரிடம் கொடுத்து ரசீது கேட்டேன்.