மச்சானின் பெயரைச் சொன்ன கஸ்பார்

மலாகோ ஊரில் கஸ்பாரைவிட நேராகச் சேப்பங்கிழங்குத் தோட்டம் போட்டவர் கிடையாது. அவர் கட்டிய வேலியைத் தாண்டிப் பன்றி நுழைந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. ஆனாலும் நக்கனாய் மலைப்பக்கம் அவர் பேச்சு வந்தால் தோட்டத்தையும் வேலியையும் யாரும் எடுப்பதில்லை. "தன் மச்சான் பேரை வாய்விட்டுச் சொன்னவர்" என்கிறார்கள். அதையும் தலை நிமிர்ந்து சொல்கிறார்கள்.

அவர் பிறந்தது ரபாவுல் எரிமலை வெடித்த 1937ஆம் ஆண்டில். தேவாலயப் பதிவில் 1938 என்று இருப்பது ஞானஸ்நானம் பெற்ற ஆண்டு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அவருக்கு ஒரே தங்கை, கலியா. கலியாவை மணந்தவர் வுலேயா. மலைக்கு அப்புறத்து ஆள். கலியாணம் முடிந்ததும் மனைவியின் ஊரிலேயே தங்கிவிட்டார். அதனால் மலாகோவில் எல்லா ஆண்களும் அவருக்குப் பெண் கொடுத்த வழி உறவு. அந்த உறவில் யாரும் யார் பெயரையும் சொல்லக்கூடாது. கலியாணத்தன்றே வுலேயா என்ற பெயர் ஊரின் வாயிலிருந்து போய்விட்டது. இளவட்டங்களுக்கு அவர் மச்சான், பெரியவர்களுக்கு மருமகன், அவ்வளவுதான்.

1969இல் பன்றி வேட்டைக்குப் போனார்கள். மூங்கில் புதரிலிருந்து ஒரு கிழட்டு ஆண்பன்றி வுலேயாவின் முதுகுப் பக்கமாகப் பாய்ந்தது. அதை முதலில் பார்த்தவர் கஸ்பார். "மச்சான், பின்னால பாருங்க" என்று கத்தினார். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் மச்சான்கள். திரும்ப வேண்டாதவர்கள் திரும்பினார்கள். வுலேயா திரும்பும்போது கொம்புப்பல் தொடையைக் கிழித்துவிட்டது.

அதுவரை நடந்ததில் கஸ்பாரிடம் குற்றம் இல்லை. அதற்குப் பிறகு நடந்தது அவருடையதுதான். ஈட்டியுடன் பக்கத்தில் நின்றவர் அவர். ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு மரத்தில் ஏறிவிட்டார். ஓடிவந்து பன்றியைக் குத்தியது அவருடைய சித்தப்பா மகன் ஓட்டோ.

வுலேயாவுக்கு நொண்டல் நிலைத்துவிட்டது. ஆனால் அவர் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வழக்கம்போல கஸ்பார் வீட்டுக்கு வந்து பாக்கு மென்றுவிட்டுப் போவார். ஊர் அப்படி விடவில்லை. தோட்டத்துக்குப் போகும் பெண்கள், "அண்ணே, அந்த மரத்துல காய் தொங்குது, பறிச்சுக் கொடுங்களேன். நீங்கதான் சீக்கிரம் ஏறுவீங்க" என்பார்கள். கஸ்பார் ஏறிப் பறித்துக் கொடுப்பார்.

1974இல் வுலேயா புது வீடு கட்டத் தொடங்கினார். பிரம்பு வெட்ட மலையின் மேல்பக்கம் தனியாகப் போனவர் மறுநாள் மாலைவரை திரும்பவில்லை. அதற்கடுத்த காலை கலியா அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"தனியா ஏன் விட்ட?" என்றார் கஸ்பார்.

"நான் எங்க விட்டேன்? உன்னைக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொன்னேன். அவர்தான், மச்சான் இருக்கும்போது வேற ஆளைக் கூப்பிட முடியாது, அவனைக் கூப்பிட்டா பழசு ஞாபகம் வந்து கூசிப்போவான்னு சொல்லிட்டுக் கத்தியை எடுத்துட்டுப் போயிட்டார்."

கஸ்பார் பிரம்புக் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஓட்டோவும், பெரியப்பா லகீசாவும், இன்னும் சில ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பிரம்பு விளையும் அந்த மேட்டுப்பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. வேரும் பாசியும் மூடிய குழிகள் எங்கே வாய் திறந்திருக்கும் என்று காலுக்குத்தான் தெரியும், அதுவும் விழுந்த பிறகு. மழை பெய்தால் பக்கத்துப் பிளவுகள் வழியாக அவற்றில் தண்ணீர் ஏறும். ஓர் இடத்தில் வெட்டிக் கட்டிய பிரம்புக் கட்டு கிடந்தது. ஆள் இல்லை. அதைச் சுற்றி நடந்து எல்லாரும் "மச்சான்" என்றும் "மருமகனே" என்றும் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. கடல் பக்கமிருந்து மேகம் கறுத்து ஏறிவந்தது.

"கத்திக் கத்தித் தொண்டை போச்சு. இந்த மலையில இருக்கிற மச்சான் எல்லாம் இதுக்குள்ள ஒருதரம் திரும்பிப் பாத்திருப்பான்" என்றார் ஓட்டோ.

லகீசா ஒரு வேரில் உட்கார்ந்தார். "உசிரோட இருந்தா பதில் சொல்லியிருப்பான்."

"சொல்லமாட்டார் பெரியப்பா" என்றார் கஸ்பார். "காட்டுக்குள்ள யாரோ உங்களை மருமகனேன்னு கூப்பிட்டா நீங்க ஏன்னு கேப்பீங்களா?"

கேட்கமாட்டார். அந்த மலையில் யாரும் கேட்கமாட்டார்கள். குகையில் குடியிருக்கும் ஆவிகள் அண்ணா, தம்பி, மச்சான் என்று உறவு சொல்லித்தான் மனிதரை அழைக்கும். பெயர் அவற்றுக்குத் தெரியாது. பெயர் சொல்லாத குரலுக்குக் காட்டில் பதில் கொடுத்தவன் வீடு திரும்பமாட்டான். வுலேயாவோ குகைகள் நிறைந்த பக்கத்தில் வளர்ந்தவர்.

"வாயைப் பொத்திக்கிட்டு இருப்பேன்" என்று லகீசா ஒப்புக்கொண்டார்.

"அவரும் எங்கேயோ அப்படித்தான் இருக்கார்."

"அப்போ பேரைச் சொல்லணும்" என்றார் ஓட்டோ. "சொல்றது யாரு? ஊர்ல உறவு இல்லாதவர் பாதிரியார் ஒருத்தர்தான், அவரும் படகுல போயிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் ஆள் அனுப்பி அவரோட அண்ணனைத்தான் கூட்டிட்டு வரணும்."

"அவன் வர்றதுக்குள்ள குழி ரொம்பிடும்" என்றார் லகீசா.

கஸ்பார் வாயிலிருந்த பாக்கைத் துப்பினார். மச்சானின் பெயரைச் சொல்வது ஊர்நடுவில் அவர் துணியை உருவுவதற்குச் சமம். சொன்னவன் அபராதமாகப் பன்றி கட்டவேண்டும். அதை மச்சான் ஏற்கும்வரை அவன் கையால் யாரும் சாப்பிடமாட்டார்கள். ஏற்காமலே விட்டுவிடவும் மச்சானுக்கு உரிமை உண்டு. கஸ்பாருக்கு ஏற்கெனவே ஓர் அவமானம் இருந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சுமக்க முடியுமா என்று அவர் யோசித்திருக்கலாம். யோசித்தது அதிக நேரம் இல்லை. மேட்டின் விளிம்புக்கு நடந்தார்.

"வுலேயா" என்று கூப்பிட்டார்.

கூட வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். கஸ்பார் திரும்பிப் பார்க்கவில்லை. பாறை விளிம்போடு நடந்தபடியே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பெரணி அடர்ந்த ஒரு பள்ளத்தருகே, காலுக்குக் கீழிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு?"

"உங்க மச்சான்."

"என் மச்சான் என் பேரைச் சொல்லமாட்டான். நீ யாரு?"

ஓட்டோ தன்னை மீறிச் சிரித்துவிட்டார். கஸ்பார் சிரிக்கவில்லை. குழியின் வாயருகே மண்டியிட்டு, எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னார்: "பன்றி உங்களைக் குத்தினப்போ ஈட்டியைப் போட்டுட்டு மரத்துல ஏறினேனே, அந்த மச்சான்."

ஊர் அவரைப் பார்த்து அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. அவர் வாயால் சொன்னது அன்றுதான்.

"அப்போ நீதான்" என்றது குரல். "கால் உடைஞ்சிருக்கு. நல்ல கால். கயிறு இருக்கா?"

அந்தக் குழியை இப்போது சிலர் அடி தெரியாத பாதாளம் என்கிறார்கள். அது மிகை. வளர்ந்த தென்னையின் உயரம் இருக்கும். ஆனால் அடியில் ஏற்கெனவே தண்ணீர் நின்றது. கஸ்பார் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தபோதே மழையும் பிடித்துக்கொண்டது. கால் தரையைத் தொட்டபோது தண்ணீர் இடுப்புவரை வந்தது. வுலேயா ஒரு பாறைத் திட்டில் காய்ச்சலோடு சாய்ந்திருந்தார்.

மேலிருந்து ஓட்டோ கத்தினார்: "கயிறு ரெண்டு பேரைத் தாங்காது. விளிம்பு வேற இடியுது. கஸ்பார், நீ முதல்ல வந்துடு, வேற கயிறு கொண்டு வரலாம்."

"அவன் சொல்றது சரிதான். நீ போ. உனக்கு ஏறத்தான் நல்லா வருமே" என்றார் வுலேயா. அத்தனை ஆண்டுகளில் அவர் அந்தக் கேலியைச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

"இன்னைக்கு ஏறவே வரல மச்சான்" என்ற கஸ்பார், கயிற்றைத் தன் இடுப்பிலிருந்து அவிழ்த்து அவர் அக்குளுக்கடியில் கட்டினார். உடைந்த காலை இரண்டு குச்சி வைத்து இறுக்கினார். கயிற்றை இழுத்து அடையாளம் காட்டினார்.

வுலேயா சுவரில் மோதி மோதி மேலே போனார். மண் கொட்டியது. கயிறு மறுபடி இறங்கி வருவதற்குள் தண்ணீர் கஸ்பாரின் கழுத்தைத் தொட்டுவிட்டது. மேலே வந்ததும் அவர் கேட்டது, "மச்சானுக்கு மூச்சு இருக்கா?" என்பதுதான்.

"இருக்கு. உன்னைத் திட்டிக்கிட்டு இருக்கார்" என்றார் ஓட்டோ.

வுலேயா எழுந்து உட்காரும் நிலைக்கு வந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே கஸ்பார் பன்றியைக் கொண்டுவந்தார். கொம்புப்பல் வளைந்து முழு வட்டமாகச் சேரும் தறுவாயில் இருந்த ஆண்பன்றி. அப்படி ஒன்றை வளர்க்க ஒருவனுக்குப் பாதி வாலிபம் போய்விடும். மலாகோவில் அந்த ஆண்டு அதற்கு ஈடாக இன்னொன்று இல்லை. அதை வுலேயாவின் வீட்டுக்கு முன்னால் கட்டினார். ஊர் கூடிவிட்டது.

"மச்சான் பேரைச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். இது அதுக்கு" என்றார்.

கலியாவுக்குப் பொறுக்கவில்லை. புருஷனைப் பார்த்து, "உங்க உசிரைக் கொண்டுவந்து கொடுத்தவன்கிட்ட பன்றி வாங்குவீங்களா? வெக்கமா இல்ல?" என்றாள்.

"வாங்குவேன்" என்றார் வுலேயா. "வாங்கலைன்னா என்ன ஆகும்? ஏதோ பயத்துல வாய் தவறிச் சொல்லிட்டான், போனாப் போகுதுன்னு ஆகிடும். அவன் பயத்துல சொல்லல. என்ன போகும்னு தெரிஞ்சு சொன்னான். அதை நான் சின்னதாக்கமாட்டேன்."

ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நொண்டி நொண்டிப் போய்ப் பன்றியின் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். லகீசா கத்தியைத் தீட்டச் சொன்னார். அன்று மலாகோவில் சாப்பிடாதவர் இல்லை. கஸ்பார் தன் கையால் வெட்டிக் கொடுத்த துண்டை முதலில் வாயில் போட்டவர் வுலேயா.

கஸ்பார் அதன்பின் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். அந்தப் பெயரை இன்னொரு முறை சொன்னதில்லை. காட்டுக்குப் போகும்போதெல்லாம் வுலேயா அவரைத்தான் முதலில் கூப்பிட்டார். புது வீட்டின் நிலைக்கு மேல் அந்தப் பன்றியின் தாடை எலும்பு தொங்கியது. கடற்கரை ஊர்களிலிருந்து வருபவர்கள் வளைந்த பல்லைப் பார்த்துவிட்டு விலை கேட்பார்கள்.

"அது விக்கிறதுக்கு இல்ல" என்பார் வுலேயா. "என் மச்சான் என் பேரைச் சொன்ன பன்றி. உங்க ஊர்ல உங்களுக்கு அப்படி ஒருத்தன் இருக்கானா?"