கல்முனைச் சந்தையில் எனக்குக் கிடைத்த முகம்

கல்முனைச் சந்தையில் கமெராவும் கையுமாக ஒரு மணி நேரமாகச் சுற்றுகிறேன். தெருவில் மனிதர்களைப் படமெடுக்கப் பழகுகிறேனாம். இதுவரை எடுத்ததெல்லாம் முதுகுகள். யாராவது திரும்பினால் போதும், வாழைக்குலை வாங்க வந்தவனைப் போல் நடிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

மீன் வெட்டிக்கொண்டிருப்பவர் கத்தியை நிறுத்துகிறார்.

"தம்பி, இஞ்ச எல்லார்ட முதுகையும் படம் புடிக்கிறீங்க. எங்கட முகம் அவ்வளவு மோசமா?"

தப்பியோட வழியில்லை. "உங்கள ஒண்டு எடுக்கட்டா, காக்கா?" அண்ணனை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓம், எடுங்க. கொஞ்சம் பொறுங்க."

கை கழுவுகிறார். சட்டைப் பொத்தான்களைப் பூட்டுகிறார். பக்கத்துக் கடைக்காரரிடம் சீப்புக் கேட்கிறார்.

"என்ன மச்சான், ரெண்டாம் கலியாணமா?" என்கிறார் அவர்.

காக்கா தலையைப் பின்னே சாய்த்துச் சிரிக்கிறார். பயம் வந்து சேருமுன் என் விரல் அமுக்கிவிடுகிறது.

"நான் இன்னும் தொப்பி போடல்லயே தம்பி."

தொப்பியைப் போட்டு, மூச்சைப் பிடித்து, அடையாள அட்டைக்கு நிற்பவரைப் போல் விறைத்து நிற்கிறார். அதையும் எடுக்கிறேன்.

"சிரிச்சத எறிஞ்சிருங்க. இதத்தான் அனுப்போணும்," என்று விலாசம் சொல்கிறார்.

இதைக் கட்டாயம் அனுப்புவேன். மற்றதை யாருக்கும் தரமாட்டேன்.