வசந்தியக்கா பேஜில் போட்ட கட்டில்

வசந்தியக்கா போய்விட்டார். நேற்று விடிய.

செய்தி வந்தபோது என் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினுக்கு டீசல் அடித்துக்கொண்டு நின்றேன். அடித்தது பாதி, சிந்தியது பாதி...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். படுக்கையில் விழுந்த நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் இலவசமாக இரவல் கொடுக்கிற சின்னச் சங்கம் எங்களுடையது. அதன் பேஸ்புக் பேஜ் அக்காவின் பொறுப்பு. கட்டிலை ஏற்றி இறக்குவது என் வேலை.

அக்கா பொறுப்பெடுப்பதற்கு முன் அந்தப் பேஜ் எங்கள் தலைவரின் பொன்னாடை அல்பம். மாலை, குத்துவிளக்கு, திரும்பவும் மாலை... லைக் போடுவது நிர்வாகக் குழு மட்டும்.

ஒருமுறை தலைவரின் பிறந்தநாளுக்கு அவருடைய பாஸ்போர்ட் படத்தைப் பூ பிரேமுக்குள் வைத்து, பக்கத்தில் விளக்கும் எரியவிட்டு ஒரு போஸ்டர் போட்டார்கள். எழுத்தை யார் வாசிக்கிறார்கள்? கனடா, லண்டன் எங்கும் இருந்து "ஆழ்ந்த அனுதாபங்கள்" வந்து குவிந்தது. ஒருவர் "பிரேதம் எப்ப எடுக்கினம்?" என்றுகூடக் கேட்டிருந்தார்.

"நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன், உவங்களுக்கு என்ன விசரோ!" என்று தலைவர் கத்த, அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார். அடுத்த கிழமை தலைவரே பேஜை அக்காவிடம் கொடுத்தார். நல்ல மனுசன்.

அக்கா முதலில் போட்டது ஒரு வெறும் கட்டிலின் படம். "இந்தக் கட்டில் சும்மா நிக்குது. ஆருக்குத் தேவையோ இன்பொக்ஸிலை சொல்லுங்கோ. வீட்டை கொண்டுவந்து தாறம்."

அவ்வளவுதான். மயிலிட்டியிலிருந்தெல்லாம் கேட்டு எழுதினார்கள். எனக்கு ஓடி முடியவில்லை.

பிறகுதான் தலையிடி. நோயாளி செத்துப்போனால், துடக்கு வீடு, தீட்டு என்று முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை கட்டிலைத் திருப்பித் தரமாட்டார்கள். அங்கே கட்டில் பூட்டிய அறைக்குள் சும்மா கிடக்கும். இங்கே ஒரு மனுசன் பாயில் கிடந்து முதுகெல்லாம் புண்ணாகும்.

அக்கா அதை அப்படியே பேஜில் எழுதினார். ஐயையோ...

"எங்கடை சம்பிரதாயத்திலை கை வைக்க நீங்கள் ஆர்?" என்று ஒருவர் தொடங்கினார். நானும் வாயில் வந்ததையெல்லாம் கொமென்றில் கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், நான் எழுதியதைக் காணவில்லை.

"அக்கா, என்ரை கொமென்றை ஏன் அழிச்சனீங்கள்?"

"நீ பேசினால் சனம் சண்டை பாக்கத்தான் வரும். கட்டில் வராது. பேசாமல் இரு."

தன் போஸ்ட்டையும் எடுத்துவிட்டு வேறொன்று போட்டார். கழுவி முற்றத்து வெயிலில் காயவிட்ட ஒரு கட்டில். "இது ஒரு வீட்டுக்காரர் தாங்களாவே கூப்பிட்டுத் தந்தது. இண்டைக்கு அச்சுவேலிக்குப் போகுது. அவையள் நல்லா இருக்கோணும்." யார் வீடு, யார் செத்தது, ஒன்றும் இல்லை.

அதன் பிறகு செத்தவீட்டுக்காரரே போன் எடுக்கத் தொடங்கினார்கள். எல்லோரும் இல்லை... ஆனால் எடுத்தார்கள்.

போன மாரிக்குப் பிறகு அக்காவுக்கே புற்றுநோய். அக்காவுக்கும் எங்கள் கட்டில்தான். கட்டிலை இறக்கும்போது அழுதுவிட்டேன், அதில் என்ன வெட்கம். அக்கா அதில் படுத்துக்கொண்டே இன்பொக்ஸுக்குப் பதில் எழுதினார்.

கடைசியாக எழுதியது கொடிகாமத்தில் பாயில் கிடக்கிற அம்மா ஒருவரின் மகளுக்கு. "கட்டில் ஒண்டும் இல்லைப் பிள்ளை, கொஞ்சம் பொறுங்கோ." அதை அனுப்பிவிட்டு அக்கா பட்ட பாடு... அதற்குமேல் பேஜைத் திறக்கவே இல்லை.

அக்காவின் கணவர் சிவம் அண்ணை கடும் ஆசாரக்காரர். விரதம், கோயில், துடக்கு எல்லாம் பார்ப்பார். அந்தத் துடக்குப் போஸ்ட்டுக்காக அக்காவோடு கன நாள் முகம் கொடுத்துக் கதைக்காதவர். அதனால் அந்த வீட்டில் கட்டில் கதையை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று அக்காவை எடுத்தாயிற்று. சுடலையால் வந்து எல்லோரும் கலைந்துகொண்டிருக்க, சிவம் அண்ணை என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். கட்டில் கிணற்றடியில் நின்றது. அண்ணை தானே கழுவியிருந்தார். வேட்டியெல்லாம் சவர்க்கார நுரை.

"லான்ட்மாஸ்டர் நிக்குதோ?"

"ஓம் அண்ணை. ஆனால் துடக்கு..."

"கொடிகாமத்திலை ஒரு மனுசி கீழை கிடக்குதெண்டு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவ. பிடி, ஏத்துவம்."

ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான்.

கட்டில் போய்ச் சேர்ந்திட்டுது அக்கா. போயிட்டு வாங்கோ.