சிலுவையும் வட்டமும்

கடையில் ஏலக்காய் மூட்டையை அவிழ்த்தார்கள். அந்த வாசனை என்னை உடும்பஞ்சோலை எஸ்டேட்டின் ஸ்டோருக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு தங்கும் விடுதி நிற்கிறது. விறகுச் சூட்டில் காய் உலரும் அந்த நீளமான அறையில், முறத்தில் காய் உருளும் சத்தத்துக்கு நடுவே, பெண்கள் தினமும் சுவர்க் காலண்டரைப் பார்த்து அன்றைய நாளின் கதையைப் பேசுவார்கள். வருஷா வருஷம் பழைய குறிகளைப் புதுக் காலண்டரில் ஏற்றிவிடுவார்கள்: யாராவது செத்த நாளுக்குச் சிலுவை, பிறந்த நாளுக்கு வட்டம், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குள் யானை புகுந்த நாளுக்கு ஒரு தும்பிக்கை. ஆறாவதோடு பள்ளியை விட்டவள் நான். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த சரித்திரம் அது ஒன்றுதான்.

என் பிறந்த நாளின் கட்டத்தில் வட்டத்தோடு ஒரு சிலுவையும் இருந்தது. அது பக்கத்து வீட்டு மேரி அக்காவின் புருஷன் செத்த நாள். நான் பிறந்ததால்தான் அவர் போனாரோ, அக்கா மனசுக்குள் என்னை வெறுக்கிறாளோ என்ற பயத்தில், ஏழு வயதில், அந்த நாள் வந்ததும் சாக்குகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஏட்டி, அங்க என்ன எலியா பிடிக்க?" என்று அக்கா இழுத்தாள்.

"என்னாலதான மாமா செத்தாரு?"

முறங்கள் நின்றன.

"அட கிறுக்கி! அவுகளத் தூக்கும்போது நீ பிறந்து கத்துன கத்துல ஒப்பாரி வச்சவளுகளே சிரிச்சிட்டாளுக. அன்னைக்கு முழுக்க உன்னைய மடியிலயே வச்சிருந்தேன். இல்லன்னா நானும் போயிருப்பேன்."

அன்று மாலை அவருக்கான பூசைக்கு என்னையும் கூட்டிப் போனாள். கையில் பிடித்த மெழுகுதிரி அணைந்துவிடுமோ என்கிற ஒரு பயம் மட்டும்தான் அப்போது எனக்கு மிச்சமிருந்தது.