நான்காவது ஃபுளூட்

இது உண்மையாக நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்த்தால் அதுவும் கிடையாது. நடந்தது சனிக்கிழமை மத்தியானம், மூன்று மணிக்கு மேல். வயிறு நிறைய மீ கோரேங் சாப்பிட்டிருந்தேன்.

நான் தினேஸ்வரி. பள்ளி பேண்டில் ஃபுளூட் வாசித்த நாளிலிருந்தே தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்துக்குப் போய் இசை படிக்க வேண்டும் என்று ஆசை. முதல் தடவை நுழைவுத் தேர்வில் தோற்றேன். என்னுடையது புதிதாகக் கற்கும் பிள்ளைகள் வாசிக்கிற ஃபுளூட். கீழ்ச்சுரம் வரவேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. அன்றைக்கு அழுதேன். அதற்குப் பிறகு அழுகை, சிரிப்பு, பசி எதுவுமே சரியாக வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. இரண்டாவது முறைதான் கடைசி வாய்ப்பு. அப்பா லாரி ஓட்டுகிறவர். “நல்லதா ஒன்னு எடும்மா. ஒன்னுதான்” என்றார்.

ஈப்போவில் ஆ லியோங் என்பவரின் இசைக்கருவிக் கடை. வாசித்துப் பார்க்க மூன்று ஃபுளூட்டுகளை இரண்டு நாளைக்குக் கொடுத்தனுப்பினார். இரண்டு புதுசு. ஒன்று, முன்பு யாரோ வைத்திருந்தது.

ஃபுளூட் தேர்ந்தெடுக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. கண்ணால் பார்த்தால் பளபளப்பில் மயங்கிவிடுவோம். அதனால் ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மற்றவள் பின்னால் நின்று ஒவ்வொன்றிலும் ஒரே மெட்டை வாசிக்க வேண்டும். எது எதுவென்று சொல்லக் கூடாது. இருவருமே பேசக் கூடாது. அடுத்தது தயார் என்றால் மேசையில் இரண்டு தட்டு. கேட்பவள் பத்துக்கு மார்க் போடுவாள்.

வீட்டில் பக்கத்து வீட்டு டிவி சத்தம் தாங்காது. சுங்கை சிப்புட் பக்கம், அப்பா பிறந்த பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். இப்போது சுற்றிலும் செம்பனை மரங்கள். பழைய தோட்டத்து மண்டபம் மட்டும் நிற்கிறது. என் தோழி தர்சிகா வாசித்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

3.15. டொக்... டொக்.

நாற்பது வினாடி மெட்டு. நடுவில் நான்கு இடத்தில் மூச்சு வாங்கியே ஆக வேண்டும். தர்சிகாவுக்குச் சளி வேறு. ஒவ்வொரு தடவையும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நன்றாகவே கேட்டது. ஆறு மார்க் போட்டேன்.

3.18. டொக்... டொக். இரண்டாவது. ஏழு.

3.21. டொக்... டொக். மூன்றாவது. ஆறு.

முடிந்தது என்று நோட்டை மூடப் போனேன்.

3.24.

டொக்... டொக்.

மூன்றுதானே? கேட்க வாயெடுத்தேன். ஆனால் பேசக் கூடாதே. எதையோ திரும்ப வாசிக்கிறாள் போல என்று விட்டுவிட்டேன்.

கீழ்ச்சுரத்தில் தொடங்கியது. ஐயோ, என்ன நாதம் அது! ஒரு வருடமாக மரத்துக் கிடந்த நெஞ்சில் ஏதோ அசைந்தது. என் காதுக்குப் பக்கத்திலேயே நின்று வாசிப்பது போல இருந்தது. ஒன்பது என்று எழுதினேன். பக்கத்தில், ‘மூச்சு ரொம்ப நல்லா இருக்கு’ என்றும் எழுதினேன்.

எழுதிய பிறகுதான் உறைத்தது.

மூச்சே கேட்கவில்லை.

நாற்பது வினாடி... ஓரிடத்தில்கூட இல்லை.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

மேசையில் மூன்று பெட்டிகள். இரண்டு மூடியிருந்தன. பழையது திறந்திருந்தது.

ஃபுளூட்டைத் தொட்டேன். வாசித்தது சூடாக இருக்கும். இது ஐஸ்.

வெளியே செருப்புச் சத்தம். தர்சிகா ஓடிவந்தாள்.

“சாரிடி. மூணாவது முடிஞ்சதும் அம்மா போன். உள்ள லைன் விட்டு விட்டு வருதுலா. தோட்டத்து கேட் வரைக்கும் போயிட்டேன்.”

“எத்தன மணிக்கு?”

போனைக் காட்டினாள். 3.22. ஆறு நிமிடம் பேசியிருக்கிறாள்.

“பெட்டிய மூடிட்டுத்தானே போனே?”

“மூணையும் மூடுனேன்லா. ஏன்?”

சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அது வேணாம்டி. கடையிலயே குடுத்துரு.”

பயம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை கடைக்குப் போய் அந்தப் பழையதையே எடுத்துக்கொண்டேன். ஒன்பது மார்க் அதற்குத்தானே.

தேர்வில் வாசித்து முடித்ததும் பேராசிரியர் ஒருவர், “நீ எங்கே மூச்சு வாங்கினாய்?” என்று கேட்டார். வாங்கியதாகத்தான் ஞாபகம். இடம் கிடைத்தது. அப்பா அழுதார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் ஃபுளூட் பெட்டியின் உள்துணி பிரிந்தது. உள்ளே மடித்த தாள் ஒன்று. யாருடைய கையெழுத்தோ. 1க்கு 7. 2க்கு 6. 3க்கு 7. 4க்கு 9. நான்காவதன் பக்கத்தில் மலாயில், ‘நஃபாஸ் பாகுஸ்’. மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆ லியோங்குக்கு போன் செய்தேன். யாருக்குமே மூன்றுக்கு மேல் கொடுத்தனுப்புவதில்லை என்றார். இதை முதலில் வாங்கியவள் ஒரு மலாய்ப் பெண். நான் படிக்கும் இதே பல்கலைக்கழகம்தான். இரண்டாம் வருடம் விடுதியில் தூக்கத்திலேயே இறந்துவிட்டாள். நோய் எதுவும் இல்லையாம், நுரையீரல் சுத்தமாக இருந்ததாம். மூச்சு மட்டும் நின்றுவிட்டது.

இந்த அக்டோபரில் எனக்கு இரண்டாம் வருடம் தொடங்குகிறது.

திருப்பிக் கொடுத்துவிடு என்று தர்சிகா தினமும் போனில் கெஞ்சுகிறாள். கொடுத்துவிட்டு எதை வாசிப்பது? நேற்று மாலை 6.40க்கு அவள் கூப்பிட்டபோது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தேன். முடித்ததும் அவள் அழும் சத்தம் கேட்டது.

“தினே... நாலு நிமிஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ ஒரு எடத்துலகூட மூச்சு வாங்கலடி.”

நான் அடுத்த பாட்டுக்குப் பக்கத்தைத் திருப்பினேன்.